கெட்ட கனவும் நிஜமும் கலக்கும் திகில் அத்தியாயம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொலைக்காட்சிக்கு எழுத வரும் இளைஞர்கள் கையில் கொண்டுவரும் திகில் கதைகளில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒருவருக்குக் கெட்ட கனவு வருகிறது. கனவில் கண்டது வீட்டுக்குள் நடக்கத் தொடங்குகிறது. எது கனவு, எது நிஜம் என்பது அவருக்கும் நமக்கும் பிடிபடாமல் போகிறது. அரைமணி நேர அத்தியாயத்துக்கு இது நல்ல கருதான். ஒரு வீடும் இரண்டு மூன்று நடிகர்களும் இருந்தால் எடுத்துவிடலாம் என்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகு, அவற்றை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. நீளமான வசனம், தேவையற்ற பாத்திரம் போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

"எல்லாம் கனவு" என்று முடிப்பது

1986-இல் 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், இறந்துபோன பாபி என்ற பாத்திரத்தைக் குளியலறையிலிருந்து திரும்ப வரவழைப்பதற்காக, முந்தைய ஒரு பருவம் முழுவதையும் அவன் மனைவி பாமின் கனவு என்று அறிவித்தது. அதை இன்றும் கேலியாகவே நினைவுகூர்கிறார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீல வெளிச்சமும் புகையும்

கனவுக் காட்சிக்குத் தனி நிறம், தனி எதிரொலி, தரையில் புகை என்று வைத்துவிட்டால், பார்ப்பவர் இரண்டு நொடியில் கனவைப் பிரித்துவிடுவார். பிறகு கலக்கம் எங்கிருந்து வரும்? வேறுபாடு இருக்கலாம், ஆனால் அது பாத்திரத்தை அறிந்தவருக்கு மட்டும் தெரியும் வேறுபாடாக இருக்க வேண்டும். வாழ்ந்த நாளெல்லாம் தமிழிலேயே பேசிய ஆயா, இறந்த பிறகு அடுக்களையில் நின்றுகொண்டு பேத்திக்குத் தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் வளர்ந்த எவருக்கும் அந்த இடத்தில் உடல் சிலிர்க்கும். அதற்கு விளக்கு வாடகை எதுவும் இல்லை.

உறக்கத்தைப் பற்றி அறியாமல் எழுதுவது

இரவு பதினொரு மணிக்குக் கண் மூடிய பெண், ஐந்து நிமிடத்தில் கதைபோன்ற நீண்ட கனவு கண்டு அலறி எழுகிறாள். இதை எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் 'ரெம்' உறக்கத்தைப் பற்றி ஷிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் எழுதினார்கள். கதைபோன்ற கனவுகள் பெரும்பாலும் இந்த உறக்கத்தில்தான் வருகின்றன. பொதுவாக அந்த நிலை முதன்முறை வருவதற்கே உறங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகும். விடியலை நெருங்க நெருங்க அது நீளும். ஆகவே கதையோடு கூடிய கெட்ட கனவுகள் பெரும்பாலும் பின்னிரவில்தான் வருகின்றன. இரவின் முதல் பகுதியில், ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே, எழுந்து உட்கார்ந்து அலறுவது வேறு வகை. அப்படி அலறியவருக்குக் காலையில் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. அலறியதை வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதுவே ஒரு நல்ல காட்சி.

நம் வகைக்கு மிகவும் பயன்படுவது உறக்க முடக்கம். 'ரெம்' நிலையில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த முடக்கம் நீங்குவதற்கு முன்பே மனம் விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், சொந்த அறை அப்படியே தெரியும், ஆனால் கதவருகே நிற்பவர் மட்டும் கனவிலிருந்து வந்தவராக இருப்பார். நம் பாட்டிமார் இதை அமுக்குவான் பேய் என்றார்கள். பக்கத்து வீட்டு ஜூலு அம்மையார் டோகொலோஷே என்னும் குட்டைப் பேய்க்கு எட்டாதபடி கட்டிலின் கால்களைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்திருப்பார். இரண்டு நம்பிக்கைகளும் ஒரே தெருவில் வாழும் ஊரில் இருந்துகொண்டு, வெளிநாட்டுப் படங்களின் நீண்ட கூந்தல் பேயை எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

எது நடந்தது என்று எழுதியவரே முடிவு செய்யாமல் விடுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணத்தை மிக அதிகமாக விழுங்குவதும் இதுதான். "இந்தக் காட்சி கனவா, நிஜமா?" என்று எழுதியவரைக் கேட்டால், "அதைப் பார்வையாளரே முடிவு செய்யட்டும்" என்று புன்னகையோடு பதில் வரும். பார்வையாளர் முடிவு செய்யலாம். ஆனால் நடிகை எதை நடிப்பார்? ஒப்பனைக்காரர் எந்தக் காயத்தைப் போடுவார்?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பழைய வீட்டில் எடுக்கப்பட்ட அத்தியாயம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் தாதி ஒருத்தி, இறந்துபோன தாய் அடுப்பருகே நிற்பதைக் காண்கிறாள். தாய் அவள் கையைப் பிடித்து இழுக்க, கொதிக்கும் எண்ணெய் படுகிறது. அடுத்த காட்சிக்குத் தயாரானபோது, கையில் கட்டு இருக்க வேண்டுமா என்று நடிகை கேட்டார். எழுதியவர் தீக்காயம் கனவு என்றார். இயக்குநர் அது நிஜம், தாய் மட்டுமே கனவு என்றார். யாரும் உட்கார்ந்து பேசித் தீர்க்காமல், அன்று கட்டோடும் மறுநாள் கட்டில்லாமலும் எடுத்தார்கள். படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை என்பதால், கட்டுள்ள காட்சிகளும் இல்லாத காட்சிகளும் இடம் மாறிக் கலந்துவிட்டன. கன்டினியூட்டி பார்த்தவர், அதாவது உடையும் காயமும் காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகின்றனவா என்று கவனிப்பவர், குறிப்பெடுத்திருந்தும் பயனில்லை. எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. படத்தொகுப்பு மேசையில் மூன்று காட்சிகள் எந்த வரிசையிலும் ஒட்டவில்லை. வீட்டை மீண்டும் வாடகைக்கு எடுத்து, இதற்குள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட நடிகைக்குப் பொய்முடி வைத்து, மறுபடியும் எடுத்தார்கள். அப்படியும் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் "மர்மமாக இருந்தது" என்று சொல்லவில்லை. "கட்டைப் போட மறந்துவிட்டார்கள்" என்றே சொன்னார்கள்.

பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது வேறு, எழுதியவருக்கே தெரியாமல் இருப்பது வேறு. நாம் ஒன்றை மறைக்கிறோம் என்றால் மறைப்பதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். வசனம் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, பாத்திரம் எத்தனை மணிக்கு உண்மையில் உறங்கினார், கனவு ஓடும்போது அவருடைய உடல் எங்கே கிடந்தது, பகலில் கண்ட எந்தப் பொருள் கனவுக்குள் போனது, கனவிலிருந்து எது வெளியே வந்தது என்பவற்றைக் காட்சிவாரியாக எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் விடையாக இருக்க வேண்டும். தீக்காயம் வெளியே வந்தால் அதுவே போதும். வளையலும் ஈரக் காலடியும் சேர்ந்து வர வேண்டாம். இந்தத் தாளை இயக்குநர், நடிகர், கன்டினியூட்டி பார்ப்பவர் ஆகியோரிடம் கொடுங்கள். வேறு யாருக்கும் காட்டாதீர்கள், தயாரிப்பாளரின் மைத்துனருக்குக்கூட.

"இது கனவா?" என்று பாத்திரமே கேட்பது

'ரெம்' உறக்கத்தில் மூளையின் முன்பகுதியில் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் இடங்கள் ஓய்ந்திருக்கும் என்பதால், கனவு காண்பவர் இறந்த தாயைக் கண்டும் வியப்பதில்லை; சோறு போடச் சொல்கிறார். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் அந்த முகத்தைக் கண்டுதான் பார்ப்பவருக்கு அச்சம் பிறக்கிறது. ஐயம் விழித்த பிறகு வரட்டும்.

மின்வெட்டு

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பல ஆண்டுகள் கண்டுவிட்டதால், விளக்கு அணைந்தால் நம் நாட்டில் யாரும் பேயை நினைப்பதில்லை. அந்த மின்வெட்டு அட்டவணைதான் நினைவுக்கு வரும்.

கடிகார முள் பின்னோக்கி ஓடுவது

வேண்டாம்.

விழிப்புக்கு முன் பேரொலி

உறங்குபவரின் மேல் நீர் தெளித்தால் அது சில வேளைகளில் கனவுக்குள் மழையாகவோ ஒழுகும் கூரையாகவோ நுழைகிறது என்பதை டிமென்ட், வோல்பர்ட் இருவரின் 1958-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே விழிப்பின் ஒலியைக் கனவுக்குள்ளேயே மெல்லத் தொடங்குங்கள். டர்பனில் விடியற்காலை ஹாடிடா பறவைகள் கூரை மேல் கத்துவதை அறியாதவர் இல்லை. அந்தக் கத்தலைக் கனவுக்குள் தாயின் அழுகையோடு கலந்து தொடங்கி, அறை வெளுத்த பிறகும் தொடர விட்டால், எல்லை எங்கே கடந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது.

விளம்பர இடைவேளைக்கு முன் விழிப்பது

இடைவேளை முடிந்து திரும்பும் பார்வையாளர், இனி வருவது நிஜம் என்று தானாகவே எண்ணிக்கொள்வார்; இடைவேளையே கோடு கிழித்துவிடுகிறது. விழிப்பை ஒரு பகுதியின் நடுவில் வைத்து, இடைவேளையைக் கனவின் பாதியில், அதுவும் சோறு பரிமாறுவது போன்ற சாதாரணமான ஒரு காட்சியில் வெட்டுங்கள். ஒளிபரப்பும் நிலையத்தில் அதிர்ச்சியான இடத்தில் வெட்டச் சொல்லிக் கேட்பார்கள். மேலே சொன்ன தாள் கையில் இருந்தால், அவர்களிடம் காரணத்தோடு மறுக்க முடியும்.