கூந்தன்குளத்து வெயிலில் பறவைப் படம்: விட்டொழிக்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் சனி, ஞாயிறு காலையில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தின் கரையில் கேமராக்கள் வரிசைகட்டிவிடும். வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் கிளம்பி வந்துவிடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் ஒன்றுவிடாமல் செய்யும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேட்டரியில் சார்ஜ் இல்லை, மெமரி கார்டு வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். இங்கே சொல்ல வந்தது வெயிலோடு சேர்ந்த தவறுகளை மட்டும்.

எட்டரை மணிக்கு வந்து இறங்குவது

சனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணியைத் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் உதித்த சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது. மணிக்குப் பதினான்கு பாகை என்ற கணக்கில் கிடுகிடுவென்று மேலே ஏறிவிடும். எட்டரைக்குள் நல்ல வெயில் முடிந்துபோகும். அதன்பிறகு பறவையின் முதுகெல்லாம் வெளிச்சம், வயிறெல்லாம் இருட்டு, கண் இருக்கும் இடமே தெரியாது. சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் மறுபடி வெளிச்சம் தாழ்ந்து வரும். நடுவே கிடைக்கும் நேரத்தில் மூலைக்கரைப்பட்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வெள்ளைப் பறவையின் இறகைத் தொலைப்பது

எனக்கு இன்றுவரை ஆற்றாமை தருவது இதுதான். இங்கே வரும் பறவைகளில் நிறைய வெள்ளை. கொக்கு, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வெள்ளையில் லேசாக ரோஸ் பூத்த பூநாரை. மஞ்சள்மூக்கு நாரைக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் உடம்பில் பெரும்பகுதி வெள்ளைதான். அப்படிப்பட்ட குளத்துக்கு வந்து கேமராவை ஆட்டோவில் போட்டுவிட்டு ‘டிக் டிக்’ என்று அடித்துத் தள்ளினால் என்ன ஆகும்?

போன வருடம் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர், தவணையில் வாங்கிய புது 150-600 மி.மீ. நீள லென்ஸோடு வந்திருந்தார். பொறுமைசாலி. கருவேல மரத்தில் இருந்த பெரிய கொக்கு ஒன்று முதுகுத் தோகையை விரிக்கும்வரை அசையாமல் காத்திருந்தார். அந்தத் தோகை இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முளைப்பது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, காற்றில் ஆடும் அளவுக்கு மெல்லியது. அப்புறம் டீக்கடை நிழலில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அலகு இருக்கிறது, கண் இருக்கிறது, கால் இருக்கிறது. முதுகு மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. ஒரு இழைகூட இல்லை.

“அண்ணாச்சி, எடிட்ல சரி பண்ணிறலாம்லா?”

“முடியாது தம்பி. பதிவே ஆகாத இறகை எங்கயிருந்து கொண்டாரது?”

அவர் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

கேமராவுக்குக் கொக்கு வெள்ளை என்று தெரியாது. ஃபிரேமுக்குள் வரும் எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் அறிவு. பின்னால் கருவேல மரத்தின் இருட்டு, கீழே கறுத்த தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு கொக்கு. கேமரா இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே வெயிலில் பளீரென்று இருக்கும் கொக்கு சென்சார் தாங்கும் அளவைத் தாண்டிப்போகிறது. அதே கொக்கு எழும்பி வானத்துக்கு நேராக வந்ததும், வானத்தின் பிரகாசத்தைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கொக்கு அழுக்காக வருகிறது. இரண்டு நேரத்திலும் கொக்கின் மேல் விழுந்தது ஒரே வெயில்தானே? மாறியது பின்னணி மட்டும்.

ஆகவே வெளிச்ச அளவை நாமே வைக்கும் மேனுவலில் வையுங்கள். தெளிந்த வானம், முதுகுப்பக்கம் சூரியன், மணி ஏழரையைத் தாண்டிவிட்டது என்றால் ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/3200 வினாடி என்று தொடங்குங்கள். அதே வெயிலில் நிற்கும் ஏதாவது ஒரு கொக்கை ஒரு படம் எடுங்கள். அளவுக்கு மீறிய வெளிச்சம் விழுந்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதைப் போட்டு வையுங்கள். முதுகு மினுக்கினால் 1/4000, அப்போதும் மினுக்கினால் 1/5000. மினுக்கல் நின்றதும் அதைத் தொடாதீர்கள். மேகம் மறைத்தால், சூரியன் நன்றாக ஏறிவிட்டால், மறுபடி ஒரு கொக்கைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். உதயத்தை ஒட்டிய முதல் அரைமணி நேரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது வெயிலுக்கு வலு இருக்காது, ஐஎஸ்ஓவைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

நாரையின் கறுப்பு இறகு இருட்டாக வருகிறதே என்று கவலைப்படுவார்கள். வரட்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்திருந்தால் இருட்டிலிருந்து நிறையவே மீட்கலாம். போன வெள்ளை போனதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டோவில் எடுக்கும்போது ‘வெள்ளைப் பறவை என்றால் மைனஸ் ஒன்று வை’, அதாவது கேமரா கணிக்கும் வெளிச்சத்தை ஒரு படி குறை என்று யாரோ சொன்னதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். பின்னணி இருட்டாக இருந்து, பறவை சின்னதாக இருந்தால் மைனஸ் சரி. கூழைக்கடா ஒன்று ஃபிரேமை நிறைத்துக்கொண்டு நிற்கும்போது மைனஸ் வைத்தால் அது சேற்றில் புரண்டதுபோலத்தான் வரும். அங்கே பிளஸ் வைக்கவேண்டும்.

காற்றைப் பார்க்காமல் நிற்பது

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். தை மாதக் காலையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, சூரியனும் கிழக்கே. கிழக்குக் கரையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் பறவை முகத்தைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். நல்ல யோகம். ஆனி, ஆடியில் கதை தலைகீழ். மலைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். காலையில் அதே இடத்தில் நின்றால் வாலும் முதுகும்தான் கிடைக்கும். அந்த மாதங்களில் சாயங்காலம், மேற்குக் கரை. சந்தேகம் வந்தால் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைப் பாருங்கள். அவை முகம் காட்டி நிற்கும் திசையில்தான் பறவையும் எழும்பும்.

கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புவது

செய்யாதீர்கள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்து அது.

கானலுக்கு லென்ஸைத் திட்டுவது

பத்து மணிக்குக் காய்ந்த வயலுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிற்கும் பனங்காடையை எடுத்துவிட்டு, லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை, சர்வீசுக்குக் கொடுக்கவேண்டும் என்பார்கள். லென்ஸில் ஒன்றும் இல்லை. தரைச்சூட்டில் நடுவில் இருக்கும் காற்று நெளிகிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் அந்த நெளிவைத்தான் படம் பிடிக்கும். காலையில் போங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் பறவையை எடுங்கள்.

ஃபிளாஷ்

வேண்டாம்.

உச்சிவெயிலில் கூட்டை நெருங்குவது

கூந்தன்குளத்தில் நாரைகள் குளத்துக்குள் மட்டுமல்ல, ஊருக்குள் தெருவோர மரங்களிலும் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. 1994-ல் சரணாலயம் ஆவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்துவந்த பறவைகள் அவை. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. அந்த நம்பிக்கையில்தான் அவை மனிதர் தலைக்கு மேலேயே குஞ்சு பொரிக்கின்றன.

நடுப்பகலில் தாய்நாரை சிறகைப் பாதி விரித்து, சூரியனுக்கு முதுகைக் கொடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நிற்கவில்லை. இறகு முளைக்காத குஞ்சுக்கு அந்தச் சிறகுதான் நிழல். கூடு இருக்கும் உயரத்துக்கு மொட்டைமாடி ஏறி, ‘முகத்தில் வெளிச்சம் வேணும்’ என்று இன்னும் இரண்டு அடி நெருங்கினால் நாரை எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வரும்வரை குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கையும் அந்த நேரத்துக்காகத்தான் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும். திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரை மருத மரங்களில் இருக்கும் கூடுகளுக்கும் இதேதான். காலையில், தெருவில் தள்ளி நின்று, நீள லென்ஸில் எடுங்கள். நாரை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்க ஆரம்பித்தால் அங்கேயே நில்லுங்கள், இல்லை பின்னால் வாருங்கள். பத்து மணிக்குமேல் கூட்டுப் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம்.