டாய்லெட் சிஸ்டர்ன் (ஃபிளஷ் தொட்டி) வழிகிறதா? பிளம்பரை அழைப்பதற்கு முன்

இங்கிலாந்தில் வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே, தண்ணீரை எங்கே அடைப்பது என்று பார்த்துவையுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் அடைக்கும் மெயின் ஸ்டாப் டாப் பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும். ஃபிளாட்டுகளில் வெந்நீர் சிலிண்டர் அலமாரிக்குள்ளும் இருக்கலாம். வலப்பக்கம் திருகினால் அடையும். திறக்கும்போது முழுக்கத் திறந்து, அரைச் சுற்று பின்னால் விடுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் இறுகிப்போய், தேவைப்படும் நேரத்தில் அசையாது.

டாய்லெட்டுக்கு மட்டும் அடைக்க, சிஸ்டர்னுக்குப் போகும் குழாயில் சின்ன ஐசொலேஷன் வால்வு இருக்கும். அதன் நடுவில் ஒரு வெட்டு தெரியும். தட்டை ஸ்க்ரூட்ரைவரை அதில் வைத்துக் கால் சுற்று திருப்புங்கள். வெட்டு குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் அடைத்தாயிற்று. திரும்ப மறுத்தால் பலம் காட்டாதீர்கள். பித்தளை வெட்டு மழுங்கிவிடும். மெயினை அடைத்துவிடலாம்.

அடுத்து மூடியைத் திறக்க வேண்டும். பட்டன் மேலே உள்ள சிஸ்டர்ன் என்றால் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை முதலில் கழற்றுங்கள். வெடுக்கென்று மூடியைத் தூக்கினால் உள்ளே உள்ள பாகம் முறியும்.

தண்ணீர், மிகுதி நீர் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை ஏறி நின்றால், குற்றவாளி நீரை நிரப்பும் வால்வு. மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் மிதவை உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது மிதவைப் பந்துக்குள் நீர் புகுந்திருக்கிறது. நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 25 மி.மீ. கீழே நிற்குமாறு திருகாணியால் இறக்குங்கள். தூக்கியும் நிற்கவில்லையா? வாஷர் தேய்ந்திருக்கும், இல்லையேல் மண் துகள் சிக்கியிருக்கும். தெருவில் குழாய் வேலை நடந்த மறுநாள் இது சகஜம். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ரப்பரில் வெள்ளையாகப் படிந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும்.

புது வால்வு வாங்கப் போகும்போது பழையதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் அடியிலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்தா என்பதுதான் கடையில் கேட்கும் முதல் கேள்வி. திருகு அளவு வழக்கமாக அரை அங்குலம். பிளாஸ்டிக் நட்டைக் கையிறுக்கத்துக்கு மேல் சற்றே முறுக்கினால் போதும்.

நீர்மட்டம் சரியாக இருந்தும் டாய்லெட் கோப்பைக்குள் மெல்ல ஒழுகினால், ஃபிளஷ் வால்வின் அடி ரப்பரைச் சந்தேகியுங்கள். ஐசொலேஷன் வால்வை அடைத்து, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அதுதான். புதிய சிஸ்டர்ன்களில் மிகுதி நீர் சத்தமின்றிக் கோப்பைக்குள்ளேயே போகும். மீட்டர் உள்ள வீட்டில் பில் வந்த பிறகுதான் தெரியும். ஒழுகும் டாய்லெட் ஒரு நாளில் 200 முதல் 400 லிட்டர் வரை விழுங்கும்.

பழைய வீடுகளில் லாஃப்டில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) தொட்டி உண்டு. கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து சொட்டினால் அந்தத் தொட்டியைப் பாருங்கள். லாஃப்டில் ஏறினால் மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள். நடுவில் மிதித்தால் கீழ் அறைக்கே வந்துவிடுவீர்கள். தொட்டியின் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, மிதவைக் கம்பியைக் கயிற்றால் அதில் தூக்கிக் கட்டினால் நீர்வரத்து நிற்கும். அதற்குமேல் மட்டத்தைக் குறைக்க, குளியலறைக் குழாய்களைத் திறந்துவிடுங்கள். லாஃப்டில் இரண்டு தொட்டி இருந்து சின்னது வழிந்தால், அது ஹீட்டிங் சம்பந்தப்பட்டது. வெந்நீர் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள் ஓட்டையாகியிருக்கலாம். அதை பிளம்பரிடம் விடுங்கள்.

சீலிங் வழியாக நீர் லைட்டுப் பக்கம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஃபியூஸ் போர்டில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரக்கையோடு போக வேண்டாம்.

வாடகை வீட்டில் இந்தப் பழுது பொதுவாக வீட்டு உரிமையாளர் பொறுப்பு. 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 11ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. போனில் சொன்னாலும் படத்தோடு ஒரு மெசேஜும் அனுப்பிவையுங்கள். நீங்களே ஆளை அழைப்பதானால், வீட்டுக்கு வருவதற்கான கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்கு, வாட் வரி சேர்த்தா என்று கேளுங்கள். தண்ணீரை அடைத்துவிட்டால் நள்ளிரவுக் கட்டணம் தேவையில்லை. காலைவரை வாளித் தண்ணீரைக் கோப்பையில் வேகமாக ஊற்றிச் சமாளிக்கலாம்.