பாதி சிலிண்டரில் ஓடும்போது பிக்கப் உதறுகிறதா? பிளக் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் சீராகப் போய்க்கொண்டிருக்கும் வி8 (எட்டு சிலிண்டர்) பிக்கப். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை லேசாகத் தளர்த்தியதும் சீட்டுக்கடியில் ஒரு நடுக்கம் வருகிறது, மறுபடி அழுத்தினால் போய்விடுகிறது. இதற்குப் பலரும் உடனே பிளக், காயில், இன்ஜெக்டர் கிளீனர் என்று வரிசையாகக் காசைக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பாதி சிலிண்டர் ஓடும்போது மட்டும் உதறுகிறதா, எல்லா சிலிண்டரும் ஓடும்போதும் உதறுகிறதா?

பாரம் இல்லாத நேரத்தில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று சில சிலிண்டர்களை இன்ஜினே நிறுத்தி வைக்கிறது. ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா வண்டிகளின் 5.3 லிட்டர் இன்ஜினில் இதற்கு ஏஎஃப்எம் என்று பெயர், ராம் 1500-இன் 5.7 லிட்டர் ஹெமியில் எம்டிஎஸ். இரண்டிலும் ஓய்வுக்குப் போகிறவை 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்கள். இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2019-இல் சில்வராடோ, சியராவுக்கு வந்த, டிஎஃப்எம் என்ற புதிய முறை கொண்ட இன்ஜின்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் 17 விதமான சேர்க்கைகளில் எந்த சிலிண்டர் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கும்.

நிறுத்துவது எப்படி என்றால், அந்த சிலிண்டர்களின் லிஃப்டருக்குள் (சுழலும் கேம் தண்டின் தள்ளலைப் புஷ்ராட் என்ற கம்பி வழியாக வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்) ஸ்பிரிங் தாங்கிய சின்ன பின்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சொலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு) திறந்ததும் ஆயில் அழுத்தம் அந்தப் பின்களை உள்ளே தள்ளிவிடும், லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், கேம் கீழே சுற்றிக்கொண்டே இருந்தாலும் புஷ்ராட் அசையாது, வால்வுகள் மூடியே கிடக்கும். ஆக மொத்த வேலையும் ஆயிலை நம்பித்தான் நடக்கிறது. ஆயில் குறைந்தாலும், அழுக்கானாலும், தவறான கிரேடு ஊற்றினாலும் முதலில் அடிபடுவது இந்த லிஃப்டர்கள்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். உதறல் வருகிற அதே வேகம், அதே சாலை. ஜிஎம் வண்டியில் (சில்வராடோ, சியரா) கியரை எம்-இல், அதாவது மேனுவலில், போட்டால் சிலிண்டர் நிற்பது நின்றுவிடும். ராமில் கியர் உச்சவரம்பைக் குறைக்கும் பட்டனை அழுத்தி ஒரு கியர் கீழே வையுங்கள். உதறல் மறைந்துவிட்டால் அது பாதி சிலிண்டர் ஓட்டத்தில் இருந்து வருவது. நான்கு சிலிண்டரில் ஓடும்போது லேசான அதிர்வும் எக்ஸாஸ்ட்டில் கனத்த சத்தமும் இருப்பது இயல்பு. முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் இன்ஜின் மவுண்ட்களைப் பாருங்கள், தேய்ந்த மவுண்ட் இந்த அதிர்வை அப்படியே கேபினுக்குள் கொண்டு வந்துவிடும்.

எம்-இல் போட்டும் உதறுகிறதா? அப்படியானால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையும் சந்தேகப்படுங்கள். கோளாறு அதில் என்றால் வண்டி வேகத்தடைக் கோடுகள் மேல் ஏறியதுபோல் ஓரிரு நொடி கடகடவென்று ஆடும். ஆளில்லாத சாலையில், வேகம் குறையாதபடி ஆக்சிலரேட்டரை வைத்துக்கொண்டே பிரேக்கை மெல்லத் தொடுங்கள். கன்வர்ட்டரின் லாக்கப் (இறுக்கப் பிணைப்பு) விடுபட்டு ஆட்டம் சட்டென்று நின்றால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

வண்டி நிற்கும்போதே மிஸ்ஸிங் அடித்து, கூடவே டிக் டிக் என்று சத்தமும் வந்தால் விஷயம் பெரியது. ஸ்கேனரைச் செருகி எந்த சிலிண்டர் என்று பாருங்கள். பி0301, பி0304, பி0306, பி0307 என்ற கோளாறு எண் வந்தால் ஓய்வெடுக்கும் நான்கில் ஒன்று. லிஃப்டர் மேல் பலத்த சந்தேகம் வரலாம். 2, 3, 5, 8 என்றால் வழக்கமான பிளக், காயிலில் இருந்து தொடங்குங்கள். பி3401, பி3425, பி3441, பி3449 வந்தால் அந்த நான்கு சிலிண்டர்களின் சொலினாய்டு சர்க்யூட், முதலில் கனெக்டரையும் வயரையும் பாருங்கள். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. கோளாறு எண்ணும் கூடவே மூன்றுக்குப் போனால் காயில்தான் காரணம், நிம்மதி. பிளக் ஆயிலில் நனைந்து கருத்திருந்தால் அது ஆயில் தின்னும் கோளாறு. பழைய 5.3-இல் ஆயில் பேனுக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கும் ஏஎஃப்எம் ரிலீஃப் வால்வு சிலிண்டர் சுவரில் ஆயிலைப் பீய்ச்சியதால் ஜிஎம் பின்னர் அதற்கு ஒரு தடுப்புத் தகடு கொடுத்தது.

இதற்கிடையில் ஆயில் அளவு, கிரேடு, அழுத்தம் மூன்றையும் பாருங்கள். மீட்டரில் காட்டும் அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 5.3-இல் இன்ஜினின் பின்பக்கம் இருக்கும் பிரஷர் சென்சாருக்கு அடியில் ஒரு குட்டி வலை உண்டு, அது அடைத்தால் மீட்டர் பொய் சொல்லும். தனி கேஜ் மாட்டி அளப்பதுதான் சரி. சூடானபின் உண்மையிலேயே அழுத்தம் விழுந்தால் ஆயில் பேனுக்குள் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் டியூபின் ஓ-ரிங் இறுகிப்போய்க் காற்றை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும்.

லிஃப்டரை உறுதி செய்ய வால்வ் கவரைத் திறப்பதைப்போல் நல்ல வழி இல்லை. இரண்டு செட் பிளக் மாற்றியும் தீராத ஒரு வண்டியை இப்படித்தான் பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் நீளக் கம்பி போட்டு மெதுவாகச் சுற்றினால், பக்கத்து ராக்கர்கள் (வால்வை அழுத்தும் கைகள்) எல்லாம் ஏறி இறங்குகின்றன, ஏழாவது சிலிண்டரின் இன்டேக் ராக்கர் மட்டும் அப்படியே படுத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் லொடலொடவென்று ஆடியது. கம்ப்ரஷன் கேஜ் முள்ளும் கிட்டத்தட்ட பூஜ்யத்தை விட்டு எழவில்லை. எத்தனை காயில் மாற்றினாலும் அந்த சிலிண்டர் ஓடியிருக்காது.

இந்த நிலையில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதையும் எரித்துவிடும், கெட்ட லிஃப்டர் கேமைத் தின்னத் தொடங்கிவிடும். மாற்றுவதற்கு ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால் ஒரே ஒரு லிஃப்டரை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஓய்வெடுக்கும் லிஃப்டர்கள் எல்லாம், அவற்றின் பிளாஸ்டிக் கைடுகள், புது ஹெட் போல்ட்கள், வளைந்த புஷ்ராட் இருந்தால் அதுவும். கேம் லோபில் (லிஃப்டரைத் தள்ளும் மேடு) விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் கேமும் புதிது.

ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் டிசேபிளர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வண்டியை எப்போதும் 8 சிலிண்டரில் ஓட வைக்கும், பாதி ஓட்டத்தின் அதிர்வு போய்விடும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். நல்ல லிஃப்டர்கள் இருக்கும்போதே மாட்டினால் பயன் உண்டு என்பது என் கருத்து. ஆனால் ஏற்கெனவே சிக்கிக்கொண்ட லிஃப்டரை அது விடுவிக்காது.