நெல் கொள்முதல் பட்டியலை வைத்து ஆய்வு: பெயரை நீக்கினால் மட்டும் போதாது

நேரடி நெல் கொள்முதல் நிலையப் பட்டியல், கூட்டுறவுச் சங்கக் கடன் பேரேடு, பயிர்க் காப்பீட்டுப் பதிவு, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் வைக்கும் பதிவேடு). காவிரி டெல்டாவைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவருக்கு வேண்டிய விவரத்தில் பெரும்பகுதி இவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் விவசாயி அந்த விவரத்தைத் தந்தது நெல் விற்க, கடன் வாங்க; நம் ஆய்வுக்காக அல்ல. அதனால் அவர் யார் என்று யாருக்கும் தெரியாதபடி வேலை செய்வது நம் கடமை. எக்செல் தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள், அப்புறம் தரவைக் கேளுங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. 'தண்ணீர் தாமதமானால் கடைமடை விவசாயி எத்தனை வாரம் தாமதமாக நெல் விற்கிறார்?' என்பது நம் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஆண்டு, பருவம், விற்ற வாரம், மூட்டை, பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி), தலைமடையா (தண்ணீர் முதலில் வரும் இடம்) கடைமடையா (கடைசியில் வரும் இடம்) என்ற விவரம் இருந்தால் போதும். ஆதார், கைபேசி எண், வங்கிக் கணக்கு, சாதி எதுவும் வேண்டாம்.

'முழு ஃபைலையும் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அலுவலகத்தில் நல்ல மனதோடு சொல்வார்கள். வாங்காதீர்கள். வேண்டிய விவரங்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள். நம்மிடம் இல்லாதது நம்மிடமிருந்து கசியாது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, அரசு வகுக்கும் தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். 'இவருக்குக் கடன் கொடுக்கலாமா?' என்று பார்க்க யாராவது உங்கள் பட்டியலைக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஆளுக்கு ஒரு புது எண்

ஒரே விவசாயியைப் பல ஆண்டுகளில் பின்தொடர ஓர் எண் தேவை. கைபேசி எண்ணுக்கு ஹாஷ் போட்டுவிட்டால் (அதாவது, கணித விதிப்படி அதை வேறொரு எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டால்) பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. நம் கைபேசி எண்கள் 10 இலக்கம், 6 முதல் 9 வரைதான் தொடங்கும். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணினிக்கு ஒரு நாள்கூடப் பிடிக்காது.

எளிய வழி, தரவு தரும் அலுவலகத்திலேயே ஆளுக்கொரு புது எண் போடச் சொல்வது. பட்டியலின் வரிசையிலேயே 1, 2, 3 என்று போட்டால் பட்டா எண் வரிசை அப்படியே தெரிந்துவிடும். எக்செலில் தற்செயல் எண் தரும் ரேண்ட் (RAND) ஃபார்முலாவால் வரிசையைக் கலைத்துவிட்டு எண் போடட்டும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற கோப்பு அவர்களிடமே இருக்கட்டும்.

மூன்றாம் படி: சர்வே எண்ணைத் தூக்குங்கள்

1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லத்தான்யா ஸ்வீனி என்ற மாணவி, வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தி, ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்தார்.

நமக்கு அந்த வாக்காளர் பட்டியலின் இடத்தில் இருப்பது பட்டா. கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் உரிமையாளர் பெயரை அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பெயரை அழித்துவிட்டு சர்வே எண்ணை விட்டுவைத்தால், எதையும் அழிக்கவில்லை என்றுதான் பொருள்.

கற்பனையான ஒரு வரியைப் பாருங்கள்: 'குறுவை, செப்டம்பர் 19, 312 மூட்டை, 6 ஏக்கர் 37 சென்ட், பெண்.' பெயர் இல்லை, எண் இல்லை. ஆனால் அன்று களத்தில் மூட்டை தூக்கியவருக்கும் பட்டியல் எழுதியவருக்கும் இது யார் என்று உடனே தெரியும். ஆகவே தேதியை வாரமாக்குங்கள். 312-ஐ '300 முதல் 400 வரை' என்றும், நிலத்தை '5 ஏக்கருக்கு மேல்' என்றும் மாற்றுங்கள். கிராமத்துக்குப் பதில் பிர்கா போடுங்கள். நம் கேள்விக்கு பாலினம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

வாய்மொழிக் குத்தகைக்காரர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இன்னார் பயிரிட்டார் என்பது எழுத்தில் வெளியே வந்தால், நாளைக்குக் குத்தகை உரிமை கேட்பாரோ என்று நிலக்காரர் அஞ்சுவார். அடுத்த போகத்துக்கு நிலம் வேறு கைக்கு மாறிவிடலாம். ஒருவருடைய பிழைப்பே போய்விடும்.

நான்காம் படி: எண்ணிப் பாருங்கள்

எக்செலின் கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) ஃபார்முலாவைப் போட்டு, ஒரே மாதிரி வரிகள் எத்தனை என்று பாருங்கள். 5-க்குக் கீழ் வந்தால் மறைப்பது பல இடங்களில் வழக்கம். டெல்டாவில் ஊரே ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்பதால் நான் 10 என்று வைப்பேன். குறைவாக வந்தால் பக்கத்துப் பிர்காவோடு சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 'மொத்தம் 46, தலைமடை 43' என்று அச்சிட்டு, கடைமடைக் கட்டத்தில் கோடு போட்டால், கழித்துப் பார்க்க யாருக்கும் தெரியும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

மாவட்டவாரியாகப் பல ஆண்டுகளை ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய வரிகள் நாகப்பட்டினத்தின் பெயரில் இருக்கும்.

ஐந்தாம் படி: வெளியே அனுப்பும் முன்

பிவட் டேபிளை (வரிகளை எக்செல் தொகுத்துத் தரும் அட்டவணையை) அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மூலத்தரவை நீக்கிய பிறகும் அதன் நகல் அந்தக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தை இருமுறை தட்டினால் அதற்குரிய வரிகள் விரிந்துவிடும். புதுக் கோப்பில் மதிப்புகளை மட்டும் ஒட்டி அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் ஆய்வுக் குழுவில் அந்தப் பகுதிக்காரர் யாராவது இருந்தால், இறுதி அட்டவணையை அவரிடம் காட்டி, 'இதில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா?' என்று கேளுங்கள். ஒரு வரியைப் பார்த்து அவர் கொஞ்சம் யோசித்தாலே, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.