மூலிகை மாத்திரையா? முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும்போதும் "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று கேப்ஸ்யூல்களை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சமையலில் சேரும் அளவு வேறு, சாறெடுத்துச் செறிவாக்கி மாத்திரையில் அடைக்கும் அளவு வேறு. பல நாடுகளில் இவை உணவுப் பொருள் என்ற கணக்கில் விற்பனைக்கு வருவதால், மருந்துகளுக்குச் செய்யும் சோதனைகள் இவற்றுக்கு நடப்பதில்லை.

மசக்கைக்கு இஞ்சி ஓரளவு உதவும். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 1 கிராம் உலர் இஞ்சி அளவில்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சி மாத்திரையைத் தொட வேண்டாம். அஸ்வகந்தா, வாய்வழி எடுக்கும் கற்றாழை மாத்திரை இரண்டையும் கர்ப்பத்தில் தவிர்த்துவிடுங்கள். அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

அப்புறம் வெந்தய மாத்திரை. பால் சுரக்கும் என்று பலர் எடுக்கிறார்கள். உறுதியான ஆதாரம் குறைவு. சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மேலும் இறங்கலாம். வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு வாசனை வரும், குழந்தைக்கும் வரலாம். தெரியாதவர்கள் பயந்துபோவார்கள்! பால் போதவில்லை என்று தோன்றினால், குழந்தை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் பதற்றம் வேண்டாம். டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது. அதற்காக, அவர் எழுதித் தந்த ஃபோலிக் அமிலத்தையும் இரும்புச்சத்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.