மூட்டைக் கரி: பார்த்து வாங்குவதும் ஈரம் படாமல் வைப்பதும்

போன டிசம்பரில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் என் தம்பி மகனுக்குப் பிறந்தநாள் விருந்து. பதினெட்டுப் பேர். சாயங்காலம் 5 மணிக்குக் கரியைப் பற்ற வைத்தோம். 6.30 ஆகியும் கோழி இறக்கை பச்சையாகவே கிடந்தது. கரி சிவக்கவில்லை. வெள்ளைப் புகை மட்டும் மூக்கில் ஏறியது, நடுநடுவே படபடவென்று வெடித்தது. மச்சான் அட்டைப்பெட்டி மூடியை வைத்து விசிறி விசிறிக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து பார்பிக்யூ அடுப்பில் (பிட்) இருந்த மலாய்க் குடும்பம் எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தட்டு சாத்தே கொடுத்தனுப்பியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், ஆனால் தலை நிமிரவில்லை.

ஏனென்றால் கரி நான் கொண்டுபோனது. பொங்கலுக்கு முன்னால் வாங்கி, பாதி எடுத்துவிட்டு, வாய் திறந்தபடியே சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் ஓரமாகப் பதினொரு மாதம் கிடந்த மூட்டை. அம்மா அதிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். "டொக்குன்னு கேக்குது பாரு. தண்ணி குடிச்ச கரிடி இது." அம்மா செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். சோறும் குழம்பும் கரியடுப்பில் வெந்த வீடு அது. அன்று இரவு காரில் வரும்போது அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதல்முறை கரி வாங்கப் போகிறவர்களுக்கு.

படி 1: எந்தக் கரி என்று முடிவு செய்யுங்கள்

இங்கே பெரும்பாலும் கிடைப்பது சதுப்புநில மரத்தில் சுட்ட கரி. மலாய்க்காரர்கள் பாக்காவ் என்று சொல்லும் அந்த மரம் கழிமுகச் சேற்றில் வளர்வது. பேராக் மாநிலத்தின் கோலா செப்பெத்தாங்கில் பெரிய களிமண் சூளைகளில் இதைச் சுடுகிறார்கள். அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டை முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மறுபடி நடுகிறார்கள். நூறாண்டுக்கு மேலாக இப்படியே நடக்கிறது. ஒரு சூளையை அடைத்து, சுட்டு, ஆறவிட்டு வெளியே எடுக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்தக் கரி கனமாக இருக்கும், நின்று எரியும். பார்பிக்யூவுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. பொடித்து, மாவுப்பசை சேர்த்து, கட்டிகளாக அழுத்தியது. எல்லாக் கட்டியும் ஒரே அளவில் இருப்பதால் சூடும் ஒரே சீராக வரும். பற்றிக்கொள்ளக் கொஞ்சம் அடம் பிடிக்கும். இதில் ஈரம் பட்டால் கட்டியே பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அதை நினைவில் வையுங்கள். ஜப்பானிய பின்சோத்தான் கரியும் சில கடைகளில் இருக்கிறது. அருமையான சரக்குதான். ஆனால் முதல் பார்பிக்யூவுக்கு அந்த விலை கொடுப்பது வீண்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிராங்கூன் ரோடு பூஜைக் கடைகளில் சாம்பிராணி போட விற்கும் வட்டக் கரி வில்லை, தீக்குச்சி காட்டியதும் பொறி பறந்து பற்றுமே, அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சட்டென்று பற்றுவதற்காக அதில் பொட்டாசியம் நைட்ரேட் கலந்திருக்கும்.

கரி என்றதும் நிலக்கரியையும் சிலர் நினைக்கிறார்கள். அது பூமியிலிருந்து வெட்டி எடுப்பது, கந்தகப் புகை உள்ளது, அதன் மேல் இறைச்சி வாட்டவே கூடாது. யார்க்‌ஷையரில் இருக்கும் என் சித்தி மகள் குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக்க அடுப்பில் போடுகிறாளே என்றால், அதுவும் இப்போது பழைய நிலக்கரி இல்லை. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் மூட்டை கட்டிய சாதாரண வீட்டு நிலக்கரியை விற்கக் கூடாது. 'ரெடி டு பர்ன்' முத்திரை உள்ள புகை குறைந்த எரிபொருளைத்தான் அவள் மூட்டையாக வாங்குகிறாள்.

படி 2: எவ்வளவு வேண்டும்

என் வீட்டுக் கணக்கு: பத்துப் பேருக்கு, மூன்று மணி நேரத்துக்கு, 5 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு ஐந்து பேருக்கும் 2 கிலோ. மலிவாகக் கிடைக்கிறதே என்று 10 கிலோ மூட்டையைத் தூக்கி வராதீர்கள். இந்த ஊரில் மீந்த கரி தலைவலி.

படி 3: கடையில் மூட்டையைச் சோதியுங்கள்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பேரங்காடியிலும் கிடைக்கும், தேக்கா, முஸ்தபா பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் அடுக்கில் மேலே இருப்பதை அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

முதலில் தூக்கிப் பாருங்கள். 5 கிலோ என்று போட்ட இரண்டு மூட்டைகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கினால், ஒன்று சின்னதாகவும் மற்றது உப்பலாகவும் தெரியும். ஒரே வகைக் கரி என்றால் பெரியதை எடுங்கள். சின்னதில் தண்ணீரோ தூளோ எடையைக் கூட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து மூட்டையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தாங்கி லேசாகக் குலுக்குங்கள். கலகலவென்று கண்ணாடி வளையல் பெட்டி மாதிரி ஒலித்தால் நல்ல சரக்கு. சரசரவென்று மணல் சரிவது போல் கேட்டால் அடியில் தூள் குவிந்திருக்கிறது. தூள் காற்றோட்டத்தை அடைக்கும். காற்றுப் போகாத தீ புகையத்தான் செய்யும்.

மூன்றாவது, காகிதப் பையாக இருந்தால் அடி மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பை மொடமொடப்பாக இருக்கும். துணி மாதிரி துவண்டால் அந்த மூட்டை ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் பை என்றால் உள்பக்கம் பனி படர்ந்ததுபோல் நீர்த்துளி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்த பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தெரிந்த கடையாக இருந்து மூட்டை திறந்திருந்தால், அம்மாவின் சோதனையைச் செய்யலாம். கட்டைவிரல் தடிமனுக்கு இரண்டு துண்டுகளை எடுத்து நுனி விரல்களால் மட்டும் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். ஒன்றை மற்றொன்றின் மேல் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட, காய்ந்த கரி 'கிணிங்' என்று கிட்டத்தட்ட உலோகம் போல ஒலிக்கும். உடைத்தால் உடைந்த முகம் கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கும். மரத்தின் வளையங்கள்கூட அப்படியே தெரியும். 'டொக்' என்றால் ஈரம். உடைந்த இடம் பழுப்பாக இருந்தால் அது ஈரமில்லை, வேறு கோளாறு: மரம் முழுதாகக் கரியாகவில்லை. அந்தத் துண்டு கண்ணைக் கரிக்கும் புகை விடும்.

நான் தேக்காவில் முதல்முறை இப்படித் தட்டியபோது கடைக்காரர், "என்ன தங்கச்சி, தாளம் போடுறீங்க?" என்றார். பிறகு அவரே உள்ளே போய் வேறு மூட்டை கொண்டுவந்தார்.

படி 4: வீட்டுக்குக் கொண்டுவருதல்

எம்ஆர்டி ரயிலில் வேண்டாம். தீப்பற்றும் பொருளுக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று நிலையத்திலேயே பலகை இருக்கிறது. காரிலோ வாடகைக் காரிலோ வாருங்கள், அல்லது வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள். காரில் அடியில் பழைய நாளிதழ் விரியுங்கள். கரித்தூள் இருக்கைத் துணியில் ஏறினால் லேசில் போகாது.

படி 5: வீட்டில் வைக்கும் முறை

கரி முழுக்க நுண்துளைகள். அந்தத் துளைகள்தான் அதை நன்றாக எரிய வைக்கின்றன, அவைதான் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கின்றன. சிங்கப்பூரில் காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். அப்படியென்றால் திறந்த மூட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். எடைத்தட்டு இருந்தால் நீங்களே பார்க்கலாம். நான் ஒரு 3 கிலோ மூட்டையை வாங்கிய அன்றே நிறுத்து, எடையையும் தேதியையும் மார்க்கரால் பையில் எழுதி, வாயைத் திறந்து சமையலறைக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து 3 கிலோ 190 கிராம். கூடுதலாக வந்த 190 கிராமும் தண்ணீர்தான். தீ மூட்டும்போது நம் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கிவிட்டுத்தான் கரிக்கு வரும்.

இப்போது நான் செய்வது இது. மூட்டையை அப்படியே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி ரப்பர் வளையம் போடுகிறேன். அதை இறுக்கமான மூடி உள்ள பெரிய தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன். பழைய பெரிய பிஸ்கட் டின் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. டின் தரையில் நேராக உட்காராமல் கீழே இரண்டு மரக்கட்டைகள். தரை ஓடு குளிர்ந்தால் அடியில் வியர்க்கும். அலமாரிக்குள் வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பாவை டின்னுக்குள் போடாதீர்கள். அதில் சேரும் தண்ணீர் கவிழ்ந்தால் எல்லாம் போச்சு.

எங்கே வைப்பது? துணி துவைக்கும் இடம் கூடாது, வீட்டிலேயே ஈரமான மூலை அது. அடுப்பு, வாட்டர் ஹீட்டர் பக்கமும் கூடாது. வீட்டின் உள்பக்கத்து ஸ்டோர் ரூம் நல்லது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர் என்கிற குண்டுவீச்சுப் பாதுகாப்பறையைத்தான் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம், டின் அங்கே கீழ்த்தட்டில் இருக்கிறது. காரிடாரில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். காரிடாரில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எரியக்கூடிய பொருளை அங்கே சேமிக்கவும் கூடாது. யாரோ போட்ட ஒரு சிகரெட் துண்டு போதும்.

தீ மூட்ட வாங்கும் வெள்ளைக் கட்டிகளைக் கரியோடு ஒரே டின்னில் வைக்காதீர்கள். கரி நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் கெட்ட வாடை போகக் கரித்துண்டு வைக்கிறோம் அல்லவா, அதே குணம்தான் இங்கே எதிராக வேலை செய்யும். பிறகு மீன் சுட்டால் மண்ணெண்ணெய் வாசம் வரும். இன்னொன்று, காகிதப் பையின் மடிப்புகளில் கரப்பான் குடியேறும். அதற்காகவும் டின்.

படி 6: ஈரமாகிவிட்டால்

தூக்கிப் போட வேண்டாம். வெயில் நாளில் நாளிதழ் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 12 மணியிலிருந்து 3 மணிவரை காயவைத்து, சூடு ஆறியதும் உடனே டின்னில் அடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே மட்டும் நீட்டாதீர்கள். கீழ்மாடிக்காரர் மூங்கில் கழியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டிருப்பார். ஓவனிலோ கேஸ் அடுப்பிலோ உலர்த்தும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 7: எரிந்த கரியும் எரியாத கரியும்

பூங்காவில் பிட் வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். அதைப் பலரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது கிளம்பும் நேரத்தில்தான்.

பாதி எரிந்த கரியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். காருக்குள் வைத்தால் தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இன்னொரு பக்கம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கூடாரத்துக்குள்ளோ, மழை பெய்கிறதே என்று வீட்டுக்குள்ளோ கரி மூட்டக் கூடாது என்பதும் இதனால்தான். கங்கு இருக்கும் கரியைக் கடற்கரை மணலில் புதைப்பது அதைவிடக் கொடுமை. மணல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளி நின்று ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, பிட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காண்டோவில் (தனியார் அடுக்குமாடி) மூட்டிய கரியின் சாம்பலும் ஒரு முழுநாள் ஆறிய பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும். அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் இப்படியும் தீப்பிடிக்கும்.

தீயே படாத மீதிக் கரி மட்டும் டின்னுக்குத் திரும்பட்டும். மூட்டையின் அடியில் தங்கும் சின்னச் சின்னத் துண்டுகள் தீ மூட்ட உதவாது. அவற்றை நான் தண்ணீரில் அலசித் தூளைப் போக்கி, ஆர்க்கிட் தொட்டியில் போடுகிறேன். வேர் கரியைப் பிடித்துக்கொண்டு நன்றாக ஓடும். பாக்காவ் கரிதான் இதற்கு ஆகும், பசை கலந்த சிரட்டைக் கட்டி ஆகாது. டிசம்பரில் எங்களைக் கைவிட்ட அந்த மூட்டையின் மிச்சம் இப்போது இரண்டு வாண்டா தொட்டிகளில் இருக்கிறது. அங்கே அது எவ்வளவு ஈரம் குடித்தாலும் சரி.