20 கிலோமீட்டர், ஒரே நடை: நாயோடு ஏடி தேர்வுக்குத் தயாராவது எப்படி

ராணியோடு ஏடி முடித்ததிலிருந்து நாய் வளர்க்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எங்கிருந்து தொடங்குவது? ஆளுக்குக் கொஞ்சமாகத் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, முதல் நாளிலிருந்து தேர்வு நாள் வரை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ராணி எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட், மூன்று வயது. நாங்கள் இருப்பது ஜெர்மனியில் மியூன்ஸ்டர் பக்கம். சுற்றிலும் சமதரை, வீட்டுக்கு வீடு சைக்கிள், கொஞ்ச தூரத்தில் டோர்ட்முண்ட்–எம்ஸ் கால்வாயும் அதன் கரைப் பாதையும். நாயோடு சைக்கிள் ஓட்ட இதைவிட வாகான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஏடி என்பது ‘ஔஸ்டாவர்ப்ரூஃபுங்’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். நாய் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று பார்க்கும் தேர்வு. நாய்ப் பயிற்சி கிளப்பில் ‘ஆ-டே’ என்பார்கள். நீங்கள் சைக்கிளில், நாய் உங்களுக்கு வலப்பக்கம் வாரில். மொத்தம் 20 கிலோமீட்டர், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம். 8 கிலோமீட்டர் முடிந்ததும் 15 நிமிடம் ஓய்வு, 15-ஆவது கிலோமீட்டரில் 20 நிமிடம் ஓய்வு, அப்புறம் கடைசி 5. ஓடி முடித்ததும் 15 நிமிடம் விட்டு, கொஞ்சம் கீழ்ப்படிதலும் காட்டச் சொல்வார்கள். மதிப்பெண் கிடையாது; தேறியது, தேறவில்லை, அவ்வளவுதான். யாரையும் முந்த வேண்டியதில்லை. நடுவர் சைக்கிளிலோ காரிலோ கூடவே வந்து, நாய் சோர்ந்து போகிறதா, பாதம் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்.

இந்த வேகம் ஏன் என்று தெரிந்தால் பயிற்சி பாதி புரிந்த மாதிரி. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபனிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டுக்கென்று சங்கம் தொடங்கியபோது அவர் தேடிப் பிடித்தது ஆட்டு மந்தையில் வேலை செய்த நாய்களை. அங்கே வயலுக்கு வேலி இருக்காது. ஆடுகள் அடுத்தவர் பயிரில் வாய் வைக்காமல் இருக்க, நாய்தான் மேய்ச்சல் ஓரமாகக் காலையிலிருந்து மாலை வரை போய்ப் போய் வந்து வேலி மாதிரி காக்க வேண்டும். பாய்ந்து பாய்ந்து ஓடினால் சீக்கிரமே களைத்துவிடும், வெறும் நடையாக நடந்தால் ஆட்டை மடக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள டிராட் நடைதான் நாள் முழுக்கத் தாங்கும். அந்த நடையைத்தான் ஏடியில் சோதிக்கிறார்கள். இன்றைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டை இனப்பெருக்கத்துக்குத் தேர்வு செய்யும் ‘கோருங்’ மதிப்பீட்டுக்குப் போக ஏடி முடித்திருக்க வேண்டும்.

படி 1: நாய் தயாரா?

தேர்வுக்குக் குறைந்தது 16 மாதம் ஆகியிருக்க வேண்டும். சும்மா வைத்த விதி இல்லை இது. பெரிய இன நாய்களுக்கு எலும்பின் முனைகள் முற்றி மூட ஒன்றேகால், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதற்கு முன்பு சைக்கிள் பின்னால் ஓடவிட்டால் மூட்டுக்குச் சேதம், அது பின்னால் வயதான காலத்தில் தெரியும். எட்டு மாதக் குட்டி ‘துறுதுறுவென்று இருக்கிறான், ஓடட்டுமே’ என்று தோன்றும். ஓடவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த வயதில் நடை, விளையாட்டு, கீழ்ப்படிதல் போதும்.

வயது சரி என்றால் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி இதயம், இடுப்பு மூட்டு, முழங்கை மூன்றையும் பார்த்துவிடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். பெண் நாய் பருவத்தில் இருந்தாலோ, சினையாக இருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ தேர்வில் அனுமதி இல்லை. எனவே தேதியைக் குறிப்பதற்கு முன்பு நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இனத்துக்கு ஏற்றது என்றால், ஷெப்பர்ட், மாலினுவா, டாபர்மேன், ராட்வைலர், டால்மேஷியன் எல்லாம் பழக்கினால் அழகாக ஓடும். பார்டர் கோலி ஓடும், ஆனால் சில நாய்கள் சக்கரத்தையே ஆட்டுக்குட்டி மாதிரி முறைத்துக்கொண்டு வரும். அதை முதலில் மாற்ற வேண்டும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களை இதில் இறக்கவே கூடாது, அவற்றால் மூச்சு வாங்கி உடம்பைக் குளிரவைக்க முடியாது. ஊரில் ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் கேட்கிறீர்கள். அவை வேட்டைக்குப் பிறந்தவை, குறைந்த தூரத்தில் மின்னலாகப் பாயும் உடல்வாகு. டிராட்டில் நீண்ட தூரம் பழக்கலாம், ஆனால் 20 கிலோமீட்டரை அவற்றின் மேல் திணிக்க வேண்டாம். 5, 6 கிலோமீட்டரே அருமையான ஓட்டம்.

படி 2: உங்கள் நாயின் டிராட்டைக் கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியிலும் முக்கியமானது இதுதான், பலர் அவசரத்தில் தாண்டிப்போவதும் இதைத்தான். டிராட்டில் முன் இடது காலும் பின் வலது காலும் ஒன்றாக எழும், அடுத்து மற்ற ஜோடி. முதுகு ஏறக்குறைய ஆடாது, தண்ணீர்க் குடத்தை வைத்தால்கூட நிற்கும் போலிருக்கும். இன்னும் வேகம் கூட்டினால் நாலுகால் பாய்ச்சலுக்குப் போய்விடும், முதுகு வளைந்து நிமிர ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு வேகம். ராணிக்கு மணிக்கு 13 கிலோமீட்டர். 14-ஐத் தாண்டினால் அவளுக்குப் பாயத் தோன்றிவிடும்.

கிளப்பில் பல வருடங்களாக ஷெப்பர்ட் வளர்க்கும் ஒரு பாட்டி இருக்கிறார். முதல் நாள் நான் கைப்பிடியில் மாட்டிய வேகமானியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். திரும்பி வந்ததும், “அதை ஏன் பார்க்கிறாய்? காதால் கேள், பாதம் சொல்லும்” என்றார். உண்மைதான். டிராட்டில் தப், தப், தப் என்று சீரான இரட்டைத் தாளம் கேட்கும், மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். பாய்ச்சலில் தடதடவென்று கூட்டமாக விழும், பிறகு ஒரு இடைவெளி, திரும்பத் தடதட. அப்புறம் ஒரு மூன்றாவது ஒலி இருக்கிறது, அதுதான் கவனிக்க வேண்டியது: தார்ச்சாலையில் பின்னங்கால் நகம் ‘சரக்’ என்று உரசும். கால் முழுசாக எழும்பவில்லை, நாய் களைத்துவிட்டது என்று அர்த்தம். அது கேட்டதும் அன்றைய ஓட்டம் முடிந்தது, வாரைப் பிடித்து நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ராணிக்கு இதற்குத் தமிழில் ஒரு சொல் பழக்கினேன். பாயப் போகும்போது “மெல்ல” என்பேன். டிராட்டுக்கு இறங்கியதும் “ஆங், அப்படித்தான்”. இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

படி 3: சைக்கிளோடு சிநேகம்

முதலில் ஓட்டாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாயை மறுபக்கம் நடத்துங்கள். மணி அடியுங்கள், பிரேக் பிடியுங்கள், திருப்புங்கள். நாய் சக்கரத்துக்குக் குறுக்கே வராமல் இருக்கக் கற்றுக்கொள்ளட்டும். மூன்று நாலு நாள் கழித்து ஏறி உட்கார்ந்து காலி மைதானத்தில் ஓட்டுங்கள்.

பயிற்சிக்கு மார்பைச் சுற்றி வரும், தோள்பட்டையைத் தடுக்காத ஹார்னஸ் நல்லது. தேர்வில் என்ன அணியலாம் என்பதை உங்கள் கிளப்பில் கேட்டு அதையே போட்டுப் பழக்குங்கள். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கைப்பிடியில் கட்டவே கட்டாதீர்கள். ஒரு பூனை குறுக்கே போனால் போதும், நீங்களும் நாயும் சைக்கிளும் ஒன்றாகக் கீழே கிடப்பீர்கள்.

ஜெர்மனியில் சாலையின் வலப்பக்கம் போகிறோம், அதனால் நாயும் வலப்பக்கம். வண்டிகளுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ பழக்குகிறவர்கள் இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து நாயை ஓடவிடுவது ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே அது சட்டப்படியே கூடாது, சைக்கிளிலிருந்து மட்டும்தான் நாயைக் கூட்டிப் போகலாம். நாய் ஓடும் வேகத்துக்கு நாமும் மிதித்தால்தான் அதன் களைப்பு நமக்குத் தெரியும்.

படி 4: கிலோமீட்டரும் பாதமும்

நான் போட்டுக்கொண்டது பன்னிரண்டு வாரத் திட்டம். முதல் இரண்டு வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். அடுத்த இரண்டு வாரம் 3-லிருந்து 5, வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறாம் வாரக் கடைசியில் 8, எட்டாம் வாரத்தில் 10. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் மட்டும்: 12, 15, கடைசியாகத் தேர்வு மாதிரியே இடைவெளி விட்டு 17. மற்ற நாட்களில் 5, 6 போதும். கடைசி வாரம் கிட்டத்தட்ட ஓய்வு. 20-ஐ முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. 17-ஐ வாலை ஆட்டிக்கொண்டு முடிக்கும் நாய் 20-ஐயும் முடிக்கும்.

நாயின் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும், பாதம்தான் மெதுவாகப் பழகும். இதை நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறாவது வாரம், ராணி உற்சாகமாக இருந்தாள் என்று கால்வாய்ச் சரளைப் பாதையில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று 11 கிலோமீட்டர் போய்விட்டேன். அவள் நொண்டவே இல்லை. வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவள் முன்னங்காலை விடாமல் நக்கினாள். திருப்பிப் பார்த்தால் பாதத்தின் நடு மெத்தையின் ஓரத்தில் துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்புத் தோல் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. இரண்டு வாரம் ஓட்டம் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு பாதத்தையும் விரல் இடுக்கு உட்பட விரலால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சூடாக இருக்கிறதா, வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, கல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

தேர்வுப் பாதையில் தாரும் வரும், மண்ணும் வரும். எனவே எல்லாத் தரையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நகம் வெட்டி, விரலிடுக்கு முடியைக் கத்தரித்துவிடுங்கள்.

படி 5: சூடு

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால்தான் வெளியே 22 டிகிரிக்கு மேல் இருந்தால் ஏடி நடத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. சென்னையில் மார்கழி விடியற்காலையில்தான் அதை ஒட்டி வரும், அப்போதும் காற்றில் ஈரம் அதிகம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் இந்தத் தூரத்தை ஊர் வெயிலில் முயற்சி செய்யாதீர்கள். சூரியன் எழும் முன்பு சில கிலோமீட்டர் போதும். சாலையில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

நாக்கு அகலமாக மண்வெட்டி மாதிரி விரிந்து தொங்கினால், எச்சில் கெட்டியாக நூல் விட்டால், ஈறு செக்கச் சிவந்தால், நடை தள்ளாடினால் அதே இடத்தில் நிறுத்துங்கள். நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து, அங்கே நிமிடங்கள் முக்கியம்.

இன்னொன்று, சாப்பாடு. மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு நிறைந்திருக்கும்போது ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முந்தின நாள் மாலை நன்றாகக் கொடுங்கள், தேர்வு நாள் காலையில் ஒன்றும் வேண்டாம். ஓய்வு இடைவெளிகளில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக.

படி 6: தேர்வு நாள்

சைக்கிள் டயரில் காற்று, பிரேக், தண்ணீர், கிண்ணம், துண்டு, மாற்று வார். தொடங்கும் முன்பு பத்து நிமிடம் நடத்தி, மலஜலம் கழிக்க விடுங்கள்.

எங்கள் தேர்வில் ஏழு ஜோடி. முதல் கிலோமீட்டரில் எல்லா நாய்களும் ஒன்றையொன்று பார்த்துத் திமிறின, ராணியும்தான். “மெல்ல, மெல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் எல்லாரும் அடங்கி ஒரு வரிசையாகிவிட்டோம், பேச்சே இல்லை, இருபத்தெட்டுக் கால்களின் தப் தப் மட்டும். ஒரு பக்கம் சோளக் கொல்லை, மறுபக்கம் பனி விலகாத புல்வெளி. ராணி ஒரு காதை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். இதற்காகத்தான் இத்தனை வாரம் என்று அப்போதுதான் தோன்றியது.

8-ஆவது கிலோமீட்டரில் நடுவர் மண்டியிட்டு ஒவ்வொரு நாயின் பாதத்தையும் தூக்கிப் பார்த்தார். இதற்காகவே அந்நியர் பாதத்தைத் தொட விடுவதையும் வீட்டில் பழக்கிவிடுங்கள். ஓய்வில் நாயை உடனே படுக்க விடாமல் இரண்டு மூன்று நிமிடம் நடத்துங்கள். கடைசி 5 கிலோமீட்டரில் நமக்குத்தான் கால் வலிக்கும், வேகம் குறையும். அதற்கு நீங்களும் தனியாகச் சைக்கிள் பழகியிருக்க வேண்டும்.

முடிந்ததும் மெதுவாக நடத்தி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் கலந்த இலகுவான உணவு கொடுங்கள், முழுச் சாப்பாடு மாலையில். மறுநாள் தொடையையும் தோளையும் கையால் நீவிவிடுங்கள், எங்கே தொட்டால் இழுத்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். ஒரு வாரத்துக்கு வெறும் நடைதான். மூன்றாம் நாள் காலையில் ராணி சைக்கிள் கொட்டகைக் கதவைப் பிராண்டிக்கொண்டு நின்றாள். பாதம் நாலையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. அன்றும் நடந்துதான் போனோம்.